தான் புத்தகம் என்று தெரிந்த புத்தகம்: படக்கதை வரையத் தொடங்குபவர்களுக்கு

ஒரு யானை பக்கத்தின் வலது ஓரத்தை நோக்கி நடக்கிறது. தலை ஓரத்தைத் தாண்டிவிட்டது. நமக்குத் தெரிவதெல்லாம் பின்னங்கால்களும் வாலும்தான். தாளைத் திருப்புகிறோம். அடுத்த பக்கத்தின் இடது ஓரத்திலிருந்து தும்பிக்கையும் தலையும் நீண்டு வருகின்றன. யானை நம்மைப் பார்த்துச் சொல்கிறது: "யாரோ என் வாலைப் புடிச்சு இழுக்கிறாங்க. கொஞ்சம் பின்னாடி திருப்பிப் பாத்துச் சொல்லேன்!"

பிள்ளை பின்னால் திருப்புகிறது. முதல் தடவை கண்ணில் படாத ஓர் எலி வால் நுனியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தான் ஒரு புத்தகம் என்பது தெரிந்த புத்தகம் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதன் பாத்திரங்கள் வாசிப்பவரோடு பேசும், வரைந்தவரோடு சண்டை போடும், பக்க எண்ணின் மேல் ஏறி உட்காரும். விமர்சகர்கள் இதற்கு மீபுனைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கனமாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. கதை கேட்கும் பிள்ளை உம் கொட்டும். உம் நின்றுபோனால் கதையும் நின்றுபோகும். தான் இல்லாமல் கதை நகராது என்பதை அது மடியில் படுத்தே கற்றுக்கொண்டுவிடுகிறது. நாம் செய்யப்போவது அந்த 'உம்'முக்குப் படத்தில் ஓர் இடம் ஒதுக்குவது.

இந்த யானைப் புத்தகத்தை நானே பல டம்மிகள், அதாவது கையால் செய்யும் மாதிரிப் புத்தகங்கள், போட்டுத் திருத்தியவன். அதையே உதாரணமாக வைத்து, முதல் தாளை மடிப்பதிலிருந்து சொல்கிறேன். வரையத் தெரியும், ஆனால் படப்புத்தகம் செய்ததில்லை என்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் தாளை மடியுங்கள்

கதை யோசிப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். எட்டு ஏ4 தாள்களை அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடியுங்கள். 32 பக்கம் கொண்ட டம்மி கைக்கு வந்துவிடும். படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் வருவதற்குக் காரணம் அச்சகத்தில் இருக்கிறது. பெரிய தாளில் பக்கங்களைச் சேர்த்து அடித்து மடிக்கும்போது ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம் என்ற கணக்கு வசதியானது. இரண்டு ஃபாரம் என்றால் 32.

இப்போது அந்த வெற்று டம்மியைப் பத்து நிமிடம் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருங்கள். பென்சிலைத் தொட வேண்டாம். புத்தகம் என்ற பொருளிடம் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வெளி ஓரம் இருக்கிறது. நடுவில் ஒரு மடிப்பு, அதில் ஏதாவது விழுந்தால் மறைந்துவிடும் போலிருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு முதுகு உண்டு. கீழ் மூலையை விரல் தேடிப் போகிறது. இன்னும் திருப்பாத தாள்களின் தடிமன் வலக்கையில் குறைந்துகொண்டே வருவது கைக்குத் தெரிகிறது. அட்டை, தலைப்பு, பக்க எண், பின் அட்டைப் பார்கோடு, எழுத்து, எழுத்தில்லாத வெண்மை. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விளையாட்டுச் சாமான்கள் இவைதான்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது என்று நினைக்கிறேன். கதையை முழுக்க எழுதி முடித்துவிட்டு, பிறகு வேடிக்கைக்காக ஒரு பாத்திரத்தை வாசகரிடம் பேச வைக்கிறார்கள். மேலே ஒட்டிய அந்த வேடிக்கை இரண்டாம் வாசிப்பிலேயே உதிர்ந்துவிடுகிறது. விளையாட்டு தாளிலிருந்தே பிறக்க வேண்டும்.

அப்படிப் பிறந்ததற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. அமெரிக்க ஓவியர் பீட்டர் நியூவெல் 1908இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் ஒரு சிறுவன் துப்பாக்கியை நோண்டப்போய் அது வெடித்துவிடும். அந்தக் குண்டு போட்ட ஓட்டை ஒவ்வொரு தாளிலும் உண்மையாகவே குடையப்பட்டிருக்கும். விரலை விட்டுப் பார்க்கலாம். நூறாண்டுக்கு மேலாகியும் அந்த எண்ணம் பழசாகவில்லை. குண்டின் கதையும் தாளின் ஓட்டையும் அதில் ஒன்றேதான்.

ஒரே ஒரு விதி

எழுதி வைத்த சாமான்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். அதை வைத்து ஒரு விதியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். என் யானையின் விதி இது: 'யானையின் உடம்பில் ஓரத்தைத் தாண்டிய பகுதி தாளின் மறுபக்கத்தில் இருக்கும், தாண்டாத பகுதி இந்தப் பக்கத்திலேயே இருக்கும்.'

விதியை எழுதியதும் இரண்டு சோதனைகள். இதே வேடிக்கையைத் திரைப்படமாகவோ ஃபோனில் ஓடும் வீடியோவாகவோ மாற்றினால் எதையாவது இழக்குமா? இழக்கவில்லையென்றால் அது புத்தகத்துக்குச் சொந்தமான வேடிக்கை அல்ல, வேறொன்றைத் தேடுங்கள். இரண்டாவது சோதனை: வரைந்து பார்க்காமலேயே, இந்த விதி எதையெல்லாம் தடுக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? எதையும் தடுக்காத விதியை வைத்துக்கொண்டு விளையாட முடியாது.

யானை பின்னோக்கி நடந்தால் வேடிக்கையாக இருக்குமே என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. யோசித்துப் பார்த்தேன். பிள்ளை முந்தைய பக்கத்துக்குத் திரும்பும். அங்கே அச்சான படம் அப்படியேதான் இருக்கும். யானை பின்னால் வந்திருக்காது. விதி அங்கேயே பொய்யாகிவிடும். ஆகவே என் யானை கடைசி வரை முன்னோக்கி மட்டுமே நடக்கும். இப்படி ஒரு தடை வந்ததும் கதை சுருங்குமே என்று பயப்பட வேண்டாம். திரும்பவே முடியாத யானை, வாலில் ஓர் எலி: முழுக்கதையும் எனக்கு அந்தத் தடையிலிருந்துதான் கிடைத்தது.

நடு மடிப்பையே விதியாக எடுத்துக்கொண்டவர் கொரிய ஓவியர் சுசி லீ. 2008இல் வந்த அவருடைய 'வேவ்' புத்தகத்தில் இடப்பக்கம் சிறுமி, வலப்பக்கம் கடல், நடுவில் மடிப்பு. அலை அந்தக் கோட்டைத் தாண்டாது என்று நம்பிச் சிறுமி அதைச் சீண்டுகிறாள். வார்த்தையே இல்லாத புத்தகம் அது. மடிப்பு ஒரு சுவர் என்பதைச் சில பக்கங்களிலேயே நம்ப வைத்துவிடுவதால்தான், பிறகு அந்தச் சுவர் உடையும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. 2022இல் ஓவியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது அவருக்குக் கிடைத்தது. இந்த வழியில் போக விரும்புபவர்கள் அவருடைய பக்க அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பென்சிலில் நகல் எடுத்துப் பார்க்கலாம். நான் அதைச் செய்து நிறையக் கற்றேன்.

யாருக்கு என்ன தெரியும்?

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பிள்ளை, பாத்திரம், கதைசொல்லும் குரல், வரைபவர். ஒவ்வொரு விரிபக்கத்திலும் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள்) யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று குறித்து வாருங்கள். யானைக்கு எலியைத் தெரியாது. கதைசொல்லிக்கும் தெரியாது, அவர் பாட்டுக்குக் காட்டை வர்ணித்துக்கொண்டிருக்கிறார். எலிக்கு எல்லாம் தெரியும். பின்னால் திருப்பிப் பார்த்த கணத்தில் பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து பிள்ளையும் எலியும் ஒரு கட்சி.

இந்த வகைப் புத்தகத்தின் மகிழ்ச்சியெல்லாம் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. அன்றாடம் எல்லாரும் தன்னைவிட அதிகம் தெரிந்தவர்களாக இருக்கும் உலகத்தில், அந்தப் பிள்ளைக்குப் பெரிய யானையைவிட அதிகம் தெரிந்திருக்கிறது. பெரியவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவதற்காக மட்டும் இந்த உத்தியைப் பயன்படுத்தும் புத்தகங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பதிப்புத்துறை பற்றிய குறும்பு, பிற கதைகளைப் பற்றிய குத்தல் எல்லாம் பிள்ளையின் தலைக்கு மேலே பறந்துபோகும்.

நான்காவது கட்டத்தில் ஒரு கவனம் தேவை. யானைக்கு முன்பு நான் செய்த ஒரு டம்மியில், ஒரு நாய்க்குட்டி பக்கத்துக்குப் பக்கம் 'ஓவியரே, ஓவியரே' என்று கூப்பிட்டுச் சண்டை போடும். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு வாசித்துக் காட்டினேன். நான்காம் பக்கத்தில் அது கேட்டது: "ஓவியர் எங்க இருக்காரு?" படத்தில் அப்படி யாரும் இல்லை. புத்தகத்தை யாரோ வரைந்திருக்கிறார்கள் என்பது நமக்குச் சொல்லாமலே தெரிந்த விஷயம். அந்தப் பிள்ளைக்கு அப்படி இல்லை. வரைபவரைக் கதைக்குள் கொண்டுவருவதாக இருந்தால் ஒரு பென்சில் நுனியையோ ரப்பர் துகளையோ ஒரு கையையோ முதல் சில பக்கங்களிலேயே காட்டிவிடுங்கள். காட்டாத ஆளோடு சண்டை போட்டால் பிள்ளைக்கு அது புரியாது.

உடைப்பதற்கு முன் நம்ப வையுங்கள்

ஸ்பெயின் ஓவியர் பெரே போரெல் டெல் காசோ 1874இல் வரைந்த ஓர் ஓவியத்தில், ஒரு சிறுவன் படச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே எடுத்து வைக்கிறான். கண்கள் விரிந்திருக்கின்றன. அந்தச் சட்டமும் வரைந்ததுதான் என்பதை அருகில் போய் உற்றுப் பார்த்தால்தான் உணர முடியும். சட்டத்தின் மரம், அதன் மேல் விழும் நிழல் எல்லாம் சிரத்தையாக வரையப்பட்டிருப்பதால்தான் சிறுவன் அதைத் தாண்டுவது நமக்கு உறைக்கிறது.

உங்கள் புத்தகத்திலும் சட்டத்தை முதலில் கட்டுங்கள். என் கணக்கில் குறைந்தது மூன்று விரிபக்கங்கள் சாதாரணக் கதையாகவே போக வேண்டும். யானை முழுசாகத் தெரிகிறது, காடு இருக்கிறது, கதைசொல்லி ஒழுங்காகக் கதை சொல்கிறார். முதல் பக்கத்திலேயே யானை "ஹலோ, நான் ஒரு புத்தகத்துக்குள்ள இருக்கேன்!" என்று கூவினால் பிள்ளைக்கு அது வெறும் தகவல். பழகிய ஒழுங்கு ஒன்று இருந்தால்தான் அதை மீறுவதில் சுவை.

பக்கங்களைப் பங்கிடுதல்

ஒரு தாளில் சின்னச் சின்னப் பெட்டிகளாக முழுப் புத்தகத்தையும் போடுங்கள். 32 பக்கம் என்றால் முதல் பக்கம் தனியாக நிற்கும். பிறகு 2-3இல் தொடங்கி 30-31 வரை பதினைந்து விரிபக்கங்கள். 32ஆம் பக்கம் மறுபடி தனி. தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் மூன்று பக்கம் போய்விடும்.

என் பங்கீடு இப்படி அமைந்தது. 4-5இலிருந்து 8-9 வரை சாதாரண நடை. 9ஆம் பக்கத்தில் தும்பிக்கை நுனி வலது ஓரத்தைத் தொடுகிறது. 10-11இல் காடு முழுக்க விரிந்து கிடக்க, வலது கோடியில் யானையின் பின்பாதி மட்டும், வாலில் எலி. எலியைப் பளிச்சென்று வரையக் கூடாது. அதே பக்கத்தில் கண்ணை இழுக்க மேலே ஒரு கிளிக்கூட்டத்தைப் பறக்கவிட்டேன். 12ஆம் பக்கத்தில் யானையின் தலையும் கோரிக்கையும். எதிரே 13ஆம் பக்கம் அநேகமாகக் காலி, கீழே ஒரு வரி: "பாத்துட்டியா? யாரு அது?" பிள்ளை பின்னால் போய்விட்டு வந்ததும் கண் படும் இடம் அது.

இங்கே தாளின் இயற்கையைக் கவனியுங்கள். 11ஆம் பக்கமும் 12ஆம் பக்கமும் ஒரே தாளின் இரண்டு முகங்கள். 11இன் வலது ஓரமும் 12இன் இடது ஓரமும் ஒரே விளிம்பு. எனவே யானை உண்மையாகவே அந்தத் தாளைச் சுற்றி வளைந்து நிற்கிறது. தாளைச் செங்குத்தாக நிமிர்த்தி, விளிம்பை மூக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்; முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் தெரிய வேண்டும். முதுகுக் கோடும் வயிற்றுக் கோடும் இரண்டு முகங்களிலும் ஒரே உயரத்தில் விளிம்பைத் தொட வேண்டும். இதை நான் முதல் டம்மியில் கோட்டைவிட்டேன். முதுகு ஒரு விரல் கீழே இறங்கிவிட்டது. வாசித்துக் காட்டும்போது ஒரு சிறுவன் உடனே கண்டுபிடித்து, "இது வேற யானை" என்றான். டிஜிட்டலில் வரைந்தாலும் டம்மியை அச்செடுத்துக் கையால் பிடித்துத்தான் இதைச் சரிபார்க்க முடியும்.

பக்கம் திருப்புவதை மட்டும் நம்பி ஒரு முழுப் புத்தகம் நிற்குமா என்று சந்தேகம் வந்தால், பிரெஞ்சுக்காரர் ஹெர்வே துய்யே 2010இல் செய்த புத்தகத்தைப் பாருங்கள். வெள்ளைப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. அழுத்தச் சொல்கிறது, திருப்பினால் இரண்டு. மடிப்பும் இல்லை, இழுக்கும் பட்டையும் இல்லை, வெறும் அச்சுத்தாள். அழுத்தியதற்கும் விளைவுக்கும் நடுவே தாள் திரும்பும் அந்த ஒரு நொடியில் மாயம் நடந்துவிடுகிறது. கோரிக்கையும் விளைவும் ஒருபோதும் ஒரே விரிபக்கத்தில் இருக்கக் கூடாது என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

எழுத்தும் விளையாடட்டும்

தமிழில் வரைபவர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதைப் பலரும் கையில் எடுப்பதில்லை. நம்மிடம் எழுத்து நடையும் பேச்சு நடையும் தனித்தனி. கதைசொல்லியை எழுத்து நடையில் விடுங்கள்: 'அடர்ந்த காட்டில் ஒரு யானை நடந்தது. நடந்தது. நடந்துகொண்டே இருந்தது.' யானை பேச்சு நடையில் குறுக்கிடட்டும்: "இன்னும் எவ்ளோ தூரம்யா நடக்க வைப்ப?" வாசித்துக் காட்டும் பெரியவரின் குரல் தானாகவே மாறும். யார் கதைக்குள் இருக்கிறார், யார் வெளியே வந்து பேசுகிறார் என்பதைக் குறி எதுவும் போடாமலே காது பிரித்துவிடும். வாசகரை 'நீ' என்றே கூப்பிடுங்கள். 'நீங்கள்' என்றால் பிள்ளை, தன்னை இல்லை, பக்கத்தில் இருக்கும் பெரியவரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, நம் எழுத்துகளுக்கே உடம்பு இருக்கிறது. துணைக்கால் உண்டு, கொம்பு உண்டு, சுழி உண்டு, புள்ளி உண்டு. 'கால்' என்ற சொல்லிலிருந்து துணைக்காலை எடுத்துவிட்டால் 'கல்'. 'படம்' என்பதற்கு ஒரு கால் முளைத்தால் 'பாடம்'. 'மாடு' தன் காலை இழந்தால் 'மடு'வில் விழும். எலி வந்து 'வாலை' என்ற சொல்லின் துணைக்காலை இழுத்துக்கொண்டு ஓடினால் மிச்சம் 'வலை'. அடுத்த பக்கத்தில் அந்த வலையிலேயே எலி மாட்டிக்கொள்ளும்!

இந்தக் கடைசி எண்ணம் வந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. யானைப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டேன். மனசே வரவில்லை, ஆனாலும் எடுத்துவிட்டேன். அது வேறு விதி. யானைப் புத்தகத்தில் விளையாடுவது தாளின் விளிம்பு. இது எழுத்தின் உடம்பு. இரண்டையும் ஒரே பானையில் போட்டால் பிள்ளை எந்த விதியை வைத்து அடுத்த பக்கத்தை ஊகிக்கும்? ஊகிக்க வழியில்லாதபோது விளையாட்டு போய் வெறும் ஆச்சரியங்களின் வரிசைதான் மிஞ்சும். எழுத்து விளையாட்டுக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த வயதினருக்கு மட்டுமே இந்த எழுத்து விளையாட்டு வேலை செய்யும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு விளிம்பு போதும்.

வரையும்போது

இரண்டு உலகங்கள் இருக்கின்றன என்பதைக் கோடே சொல்ல வேண்டும். கதைக்குள் இருப்பது ஒரு வகைக் கோடு, ஒரு வகை வண்ணம். வெளியே வந்தது வேறு. அமெரிக்க ஓவியர் டேவிட் வீஸ்னர் மூன்று பன்றிக்குட்டிகள் கதையை 2001இல் இப்படி வரைந்தார்: ஓநாய் ஊதுகிற ஊதலில் பன்றி கதைக் கட்டத்தைவிட்டே வெளியே போய் விழுகிறது. கட்டத்துக்குள் இருந்தவரை தட்டையான கதைப்புத்தகப் பன்றி. வெளியே வந்ததும் உடம்பு திரண்டு, தோலில் மயிர் தெரியும் பன்றி. கதைப் பக்கத்தையே மடித்து விமானமாக்கி, மூன்று பன்றிகளும் அதில் ஏறிப் பறக்கின்றன. பறக்கும் பக்கங்களில் பெரும்பகுதி வெறும் வெள்ளை. அந்த வெள்ளையை அவர் நிரப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். படப்புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டெகாட் பதக்கத்தை 2002இல் பெற்ற வேலை அது.

இதற்கு எளிய கருவி நிழல். ஒரு பாத்திரத்தின் கீழே வெள்ளைத் தாளின் மேல் மெல்லிய சாம்பல் நிழல் போட்டால், அது தாளைவிட்டு எழுந்துவிடும். நிழலை எடுத்தால் மறுபடி தாளில் ஒட்டிக்கொள்ளும். என் எலிக்கு மட்டும் எல்லாப் பக்கத்திலும் நிழல் உண்டு, யானைக்கு இல்லை. யாரும் கேட்டதில்லை, ஆனால் எலிதான் எங்கும் போகக் கூடியது என்பது எல்லாருக்கும் புரிகிறது.

கண் பார்வையும் முக்கியம். பாத்திரம் கதைக்குள் இருக்கும்போது பக்கவாட்டில் பார்க்கட்டும். வாசகரோடு பேசும்போது மட்டும் கருவிழி நேரே நம்மைப் பார்க்கட்டும். எல்லாப் பக்கத்திலும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் யானைக்கு, பேசும் நேரம் வரும்போது கையில் எதுவும் இருக்காது.

அச்சுக்குப் போகும் முன்

இங்கே சின்னத் தவறும் விளையாட்டையே கெடுத்துவிடும். பக்கங்களைச் சுற்றி 3 மி.மீ. கூடுதலாக வரைந்து கொடுங்கள். கத்தரிக்கும்போது அது போய்விடும். கத்தி எப்போதும் ஒரே இடத்தில் விழாது, அரை மி.மீ. இப்படி அப்படிப் போகும். எனவே விளிம்பைத் தொடும் கோடுகள் கடைசி 10 மி.மீ. அளவுக்காவது கிடையாகப் போகட்டும். அப்போது கத்தி எங்கே விழுந்தாலும் முதுகின் உயரம் மாறாது. சரிவான கோடாக இருந்தால் இரண்டு முகங்களும் பொருந்தாமல் போகும். பின் அடிக்கும் புத்தகத்தில் நடுத்தாள்கள் வெளியே தள்ளி நிற்பதால் அவற்றின் ஓரம் சற்று அதிகமாகவே வெட்டுப்படும். அதையும் கணக்கில் வையுங்கள். புத்தகத்தின் முதுகில் பசை போட்டு ஒட்டும் பைண்டிங் என்றால் நடு மடிப்பில் சில மி.மீ. உள்ளே போய்விடும். முகம், கண், எழுத்து எதையும் அங்கே வைக்காதீர்கள்.

எழுத்துகளைத் தனி லேயரில் வையுங்கள், கறுப்பு மையில் மட்டும். பாத்திரம் எழுத்தைத் தொட்டு விளையாடும் பக்கங்களைப் பதிப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு மொழியில் வரும்போது அவற்றை மறுபடி வரைய வேண்டியிருக்கும். பார்கோடு மேல் எலியை உட்கார வைக்கலாம், கோடுகளின் மேலும் இருபுறத்து வெள்ளை இடத்திலும் எதுவும் வரையக் கூடாது. கருவியால் படிக்க முடியாமல் போகும். மின்னூலாகவும் வெளியிடும் எண்ணம் இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: திரையில் தாளுக்கு மறுபக்கம் கிடையாது. விளிம்பு விளையாட்டு அங்கே செத்துவிடும். எனக்கு அந்தப் பதிப்பே வேண்டாம் என்று தோன்றியது.

வாசித்துக் காட்டுங்கள்

வண்ணம் தொடுவதற்கு முன், பென்சில் டம்மியோடு இதைச் செய்யுங்கள். முடிந்தால் நீங்கள் வாசிக்காதீர்கள். கதை தெரியாத வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பாருங்கள். முகத்தைவிட முக்கியம் கை.

என் டம்மியில் "பின்னாடி திருப்பிப் பாரேன்" என்ற இடத்தில் முதல் பிள்ளை திருப்பவில்லை. வாசித்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. அம்மாவின் கட்டைவிரல் அடுத்த தாளைத் திருப்பத் தயாராக மூலையில் இருந்தது. கோரிக்கை ஆறு வரிப் பத்தியின் நடுவே புதைந்து கிடந்ததால் அவர் நிறுத்தாமல் வாசித்துப் போய்விட்டார். தவறு என்னுடையது. மற்ற ஐந்து வரிகளை வெட்டினேன். யானையின் தும்பிக்கையை வளைத்து, அதன் நுனி இடது ஓரத்தைச் சுட்டும்படி வரைந்தேன். அடுத்த முறை பிள்ளையின் கை அம்மாவை முந்திக்கொண்டது.

புத்தகம் என்ன கேட்கிறதோ அதைப் பிள்ளை செய்யும் என்பதை மறக்காதீர்கள். கிழி என்றால் கிழிக்கும், நக்கு என்றால் நக்கும். திருப்பு, ஊது, தட்டு, சாய், ரகசியமாகச் சொல், கண்ணை மூடு: இவையெல்லாம் தாள் தாங்கும். ஒரு புத்தகத்துக்கு மூன்று நான்கு கோரிக்கை போதும்.

முடிவை இந்தச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். என் யானை 32ஆம் பக்கத்துக்கு வந்து சேர்ந்ததும் தாள் தீர்ந்துவிடுகிறது. "அட, இதுக்கு மேல வழியே இல்லையே!" என்கிறது. பின் அட்டையின் வெளிப்பக்கத்தில், உள்ளிருந்து யாரோ முட்டியதுபோல நெற்றி வடிவில் ஒரு புடைப்பு வரைந்திருக்கிறேன். பார்கோடு மேல் எலி. அவ்வளவுதான். எலி யார், ஏன் இழுத்தது என்று நான் சொல்லவில்லை.

அட்டையை மூடியதும் பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனால் மறுபடி 10-11ஆம் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். தானாகவே புத்தகத்தைப் புரட்டி முன்பக்கங்களுக்குப் போய், எலி வேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று விரலால் தேட ஆரம்பித்தால், நீங்கள் வண்ணப் பெட்டியைத் திறக்கலாம்.